பாரணை இல்லாத விரதம்

2010ஆம் ஆண்டு அக்கினி நட்சத்திர நாட்களில், குடியாத்தத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக் கூடத்தில், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் படுத்திருந்தேன். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலை ஒரு முறையேனும் தலையில் வாங்கியவர்களுக்கு இது எவ்வளவு விபரீதமான காட்சி என்பது புரியும். கைலித் தறியிலிருந்து வியர்வை வழிய எழுந்து வந்த அப்பா என் புறங்கையைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலும் இல்ல, கை மட்டும் இன்னாத்துக்கு பாப்பா இப்டி ஜில்லுனு கீது?" என்று கேட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளக்கூட என் உடம்பில் எதுவும் மிச்சமில்லை என்பதை அவர் அறியவில்லை. அறிந்திருந்த நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உணவு சார்ந்த மனநோய் எனக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தது. அதிலிருந்து மீள்வதற்கு அதைவிடக் கூடுதலான காலம் ஆயிற்று. இப்போது நான் வேலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கிறேன். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து அப்படியே மூடி வைக்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், என் கதையை யாராவது ஒருவருக்காவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். எத்தனை கிலோ குறைந்தேன், ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் என்ற இரண்டை மட்டும் எழுதாமல் விடுகிறேன். இந்த நோயின் பிடியில் இருப்பவர் அத்தகைய விவரங்களை எச்சரிக்கையாக வாசிப்பதில்லை, எட்ட வேண்டிய இலக்காகவே வாசிக்கிறார். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

சிறுவயதில் எனக்குப் பூசின உடம்பு. அக்காவின் திருமணத்தன்று எனக்குப் பட்டுப் புடவை கட்டிவிட்ட அத்தை, கொசுவத்தைச் செருகியபடியே, "கல்யாணப் பொண்ண வுட தங்கச்சிதான் பெரிய மனுஷியாட்டம் கீறா" என்று சொல்லிச் சிரித்தார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில், எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் கஞ்சியும் ரொட்டியுமாகக் கிடந்து எழுந்தபோது பள்ளிச் சீருடை தோளிலிருந்து நழுவியது. அப்போது அதே அத்தை வந்து என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "எளச்சதும் இன்னா லட்சணமா ஆயிட்டடி!" என்றார். உறவினர், ஆசிரியர், பேருந்தில் உடன் வரும் தோழிகள் என எல்லோரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஒரு தொற்றுநோய் என் உடம்பைத் தின்றதற்காக நான் வாழ்த்தப்பட்டேன். அத்தையை நான் குறை சொல்லவில்லை. ஒரு சொல்லால் மட்டும் இந்த நோய் வந்துவிடாது. பிறவியிலேயே வரும் மரபணுப் பாங்குக்கும் இதில் பங்குண்டு என்பதை இரட்டையரிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. எதிலும் குறையிருக்கக் கூடாது என்று தன்னையே வதைத்துக்கொள்ளும் சுபாவமும் எனக்கு இருந்தது. விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் உடம்பு குறைந்தால் அன்பு கூடும் என்ற கணக்கை அந்த மாதங்களில் கற்றுக்கொண்டேன் என்பதும் உண்மை.

எங்களைப் போன்ற வீடுகளில் இந்த நோயைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டே நலம் விசாரிக்கும் ஊரில், ஒரு பெண் சாப்பிடாமல் இருப்பது உடனே கண்ணில் பட்டிருக்க வேண்டும். படாமல் போனதற்குக் காரணம், சாப்பிடாமல் இருப்பதற்கு நம்மிடம் மரியாதையான பெயர்கள் பல இருப்பதுதான். கல்லூரிக்காகத் தினமும் காலையில் வேலூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால், நேரமாகிவிட்டது என்பது காலை உணவுக்கான காரணமாயிற்று. தேர்வு நாட்களில் படிப்பு காரணமாயிற்று. வயிறு மந்தமாக இருக்கிறது, நெஞ்செரிகிறது என்றபோது, அம்மா அதற்கு அல்சர் என்று பெயர் வைத்தார். மருந்துக் கடைக்காரரும் அதையே சொல்லி மாத்திரை கொடுத்தார். இவை எதற்கும் இடம் இல்லாத நாட்களில் விரதம் இருந்தது. வெள்ளிக்கிழமை, கிருத்திகை, சஷ்டி, சங்கடஹர சதுர்த்தி, புரட்டாசிச் சனி என்று நாட்காட்டியைப் புரட்டினால் மாதத்தில் பாதி நாளுக்குப் பக்திபூர்வமான காரணம் கிடைத்துவிடும். பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைக்குப் போய் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வேகவேகமாக நடந்து வந்தேன். "இந்த வயசுல இன்னா பக்தி!" என்று தெருவே மெச்சியது. நடந்த தூரத்தையும் கரைந்த உடம்பையும்தான் நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அருணாசலேசுவரரை நினைத்து நடந்த அடி ஒன்றுகூட இல்லை என்பதை எழுத இன்றும் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

பசி இல்லாததால் சாப்பிடவில்லை என்று பிறர் நினைத்தார்கள். பசி என்னை விட்டு ஒரு நாளும் போகவில்லை. விழித்திருக்கும் நேரம் முழுவதும் சோற்றைப் பற்றியே எண்ணினேன். வார இதழ்களின் சமையல் குறிப்புகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டினேன். வீட்டில் எல்லோருக்கும் நானே சமைத்து, நானே பரிமாறி, அவர்கள் சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டில் இருந்த ஒரு இட்லியை நகக்கண் அளவுத் துண்டுகளாகப் பிட்டுப் பிட்டு ஒரு மணி நேரம் உண்டேன். இது என் பைத்தியக்காரத்தனம் என்றே நெடுநாள் நம்பியிருந்த எனக்கு, மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அழுகை வந்தது. உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண்களை, அவர்கள் சம்மதத்தோடு, வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியை மட்டும் கொடுத்து ஆறு மாதம் வைத்திருந்தார்கள். அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் உண்டார்கள். கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். சிடுசிடுத்தார்கள், சோர்ந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள். அவர்களில் யாரும் கண்ணாடியைப் பார்த்து ஏங்கியவர்கள் அல்லர். பட்டினி கிடக்கும் மூளை எவருடையதாயினும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அறிந்தபோது, என் மேல் நான் சுமத்தியிருந்த குற்றங்களில் பாதி இறங்கிவிட்டன. சிகிச்சையில் ஏன் முதலில் சோற்றையும் பிறகே பேச்சையும் வைக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பட்டினியில் இருக்கும் மனத்தோடு எந்த வாதமும் செய்ய முடியாது.

எங்கள் வீட்டில் அப்போது எடை பார்க்கும் கருவி கிடையாது. அதற்குப் பதிலாக எனக்கு ஓர் அளவு ஜாக்கெட் இருந்தது. அக்கா திருமணத்துக்குத் தைத்த மெரூன் நிறப் பட்டு ஜாக்கெட் அது. டைபாய்டுக்குப் பிறகு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலை குளித்த பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைப் போட்டுப் பார்ப்பேன். தையலுக்கும் தோலுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதே அந்த வாரத்தில் நான் நல்லவளா கெட்டவளா என்பதை முடிவு செய்தது. ஜாக்கெட் எவ்வளவு தளர்ந்தாலும், கண்ணாடியில் மட்டும் பழைய உருவமே தெரிந்தது. இதைப் பிறருக்கு விளக்குவது கடினம். நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் நோயின் மறுபக்கம் வெளிப்பட்டது. தீபாவளிக்கு ஆற்காட்டிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த மக்கன் பேடாப் பெட்டியை, எல்லோரும் உறங்கிய பிறகு, சமையலறை இருட்டில் தரையில் உட்கார்ந்து, ருசிகூடத் தெரியாத வேகத்தில் நானே தின்று தீர்த்தேன். நிறுத்த முடியவில்லை, கை என்னுடையதாக இல்லை. மறுநாள் முழுவதும் பட்டினியால் அதை ஈடுகட்டினேன், அதற்கு அடுத்த இரவு மீண்டும் சமையலறைக்குப் போனேன். மூடி போட்டு அழுத்திய பசி ஒரு கட்டத்தில் மூடியைத் தூக்கி எறிகிறது. அதற்கும் மனவுறுதிக்கும் தொடர்பில்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சுழலிலிருந்து இன்னும் சீக்கிரம் வெளியே வந்திருப்பேன். இப்படி உண்டதை ஈடுகட்டுவதற்காக வாந்தியெடுக்கும் பழக்கத்துக்கு ஆளாகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், வயிற்று அமிலம் பட்டுப் பல்லின் எனாமல் கரையலாம். சில வேளைகளில் வீட்டாருக்கு முன்பே பல் மருத்துவருக்குத்தான் தெரிய வருகிறது.

வீட்டார் சும்மா இருக்கவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது தைராய்டு பார்த்தார்கள். மாதவிலக்கு நின்றபோது பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று ஒரு மருத்துவர் சொன்னார். காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் டானிக்கை மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். எந்த மருத்துவரும் என்னைத் தனியே உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்ணேறு என்று ஆயா, அதாவது என் பாட்டி, மிளகாய் சுற்றிப் போட்டார். கடைசியில் 2010 ஆடி மாதத்தில், மனம் பேதலித்தவர்களைக் குணமாக்கும் தலம் என்று எங்கள் பக்கத்தில் நம்பப்படும் சோளிங்கருக்கு என்னை அழைத்துப் போனார்கள். அப்போது அது வேலூர் மாவட்டம். இப்போது இராணிப்பேட்டை மாவட்டம். யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். முந்நூறு படியைக்கூடத் தாண்டவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்தேன். அப்பா என்னை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். நடுவில் ஓரிடத்தில் நின்று அம்மாவிடம், "நூல் மூட்ட அளவுக்குக்கூட கனமே இல்லடி" என்று சொல்லி அழுதது முதுகில் கிடந்த என் காதில் விழுந்தது. அதுவரை வெற்றியாகத் தோன்றிய ஒன்று முதன்முறையாக எனக்கு அச்சமாகத் தோன்றியது.

வேலூரில் ஒரு மருத்துவமனையில், நாடித்துடிப்பு மிகவும் தாழ்ந்திருந்ததால், உடனே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று மாலை வந்த மனநல மருத்துவர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நெடும்பட்டினியால் என் கையில் முளைத்திருந்த மெல்லிய பூனைமயிரைப் பார்த்தபடியே, "சாப்பிடப் பசிக்கலையாம்மா, இல்ல சாப்பிடப் பயமா இருக்கா?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகளாக நான் காத்திருந்த கேள்வி அது என்பது, அது கேட்கப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் எனக்கும் என் பெற்றோருக்கும் பொறுமையாக விளக்கியவற்றை என் நினைவிலிருந்து எழுதுகிறேன். இது புதுக்காலத்து நாகரிக நோய் அன்று. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இலேயே இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டுவிட்டார். பெயரின் பொருள் பசியின்மை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பசி இருக்கும், உண்ணத்தான் முடியாது. வெறிகொண்டு உண்டு பிறகு அதை ஈடுகட்ட வாந்தியோ பட்டினியோ மேற்கொள்வதைப் புலிமியா என்று 1979இல் ஜெரால்ட் ரஸல் விவரித்தார். 'மாட்டுப் பசி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஈடுகட்டும் பழக்கம் ஏதுமின்றி, கட்டுப்பாடிழந்து உண்டு உண்டு குற்றவுணர்வில் மூழ்குவது இன்னொரு வகை; அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது 2013இல்தான், அதாவது என் சிகிச்சைக்குப் பிறகு. ஒருவரே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதும் உண்டு. மனநோய்களில் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று என்று அவர் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

என் 'அல்சர்' பற்றியும் அவர்தான் விளக்கினார். பட்டினி நீண்டால் இரைப்பை சோம்பிவிடும். உள்ளே போனது குடலுக்கு இறங்க நேரமெடுக்கும். அதனால் நாலு கவளத்திலேயே வயிறு கல்லாகிவிடும். ஆகவே வயிறு மந்தம் என்று நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அதுவே நோயன்று, நோயின் விளைவு. அதற்கு மருந்து நேரத்துக்கு உண்பதுதான், சில வாரங்களில் தானாகவே சரியாகும் என்றார். எடை கூடிவிடும் என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், வயிற்றுக் கோளாறு என்று மட்டுமே சொல்லிக்கொண்டு வரும் நோயாளிகள் நம் நாட்டில் நிறைய உண்டு என்றும், அதனால்தான் வயிற்று மருத்துவரிடமே ஆண்டுக்கணக்கில் அலைந்து திரிகிறார்கள் என்றும் சொன்னார். என் வாழ்க்கையையே அவர் படித்துக் காட்டியது போல இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பாசத்தாலேயே இந்தத் தவறு நடக்கும். சேர்ந்த இரண்டாம் நாள், என் மாமா ஆம்பூரிலிருந்து பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள், வயிறார ஊட்டிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். செவிலியர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புகள் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அபாய அளவுக்குக் குறைந்து, இதயமே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போரில் சிறைகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பலர், உணவு கிடைத்த பிறகு இப்படி நிலைகுலைந்தார்கள். எனவே, மிகவும் மெலிந்து போனவரை வீட்டிலேயே வைத்துத் தேற்றிவிடலாம் என்று யாரும் தாமாக இறங்கக் கூடாது. எனக்கு ஒவ்வொரு நாளும் இரத்தம் சோதித்து, அதற்கேற்பச் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்டினார்கள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் என்னைவிட அதிகமாக வீட்டாருக்கே பாடம் சொன்னார். வேலூரில் இது புதிதன்று. பாகாயத்தில் உள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுங்கால வழக்கம். வளரிளம் பருவத்தினரின் இந்த நோய்க்குக் குடும்பமே முன்னின்று உணவூட்டும் சிகிச்சை முறை 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. எங்கள் வீட்டில் அதை நடத்திக் காட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா.

ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவு, இடையில் மூன்று முறை சிற்றுண்டி. பசிக்கிறதா என்று கேட்கக் கூடாது, ஏனெனில் என் பசியுணர்வு பழுதாகிவிட்டிருந்தது. கடிகாரம் பார்த்துத்தான் சாப்பாடு. எவ்வளவு என்பதை நான் முடிவு செய்யக் கூடாது. உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்தபடி அம்மா தட்டில் வைப்பார். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், முட்டை, நிலக்கடலை உருண்டை, தயிர் என்று வீட்டில் எல்லோரும் உண்பதையே எனக்கும் வைத்தார்கள். தனிச் சாப்பாடு கிடையாது. ஆயா எதிரில் தன் தட்டோடு உட்கார்ந்துகொள்வார். கெஞ்ச மாட்டார், மிரட்ட மாட்டார், "எனக்காக ஒரு வாய்" என்று கண்ணீர் விட மாட்டார். நான் அழுதாலும், தட்டைத் தள்ளினாலும், "நோவுதான் கண்ணு பேசுது, நீ துன்னு" என்று ஒரே தொனியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நோயையும் என்னையும் அவர் வேறு வேறாகப் பார்த்தார் என்பதே எனக்கு எல்லா மருந்தையும்விடப் பெரிதாக இருந்தது. நான் பொய் சொன்னதை, திருட்டுத்தனமாக நடந்ததை எல்லாம் அவர் என் குணத்தின் மேல் எழுதவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் கொடுமையானது. வயிறு உப்பும், மனம் பதறும், எங்காவது ஓடி நடந்து அதைக் கரைத்துவிடத் துடிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆயா என்னை ராட்டையின் அருகே உட்கார வைத்துத் தார் சுற்றச் சொல்வார். நூல் அறுந்து போகாமல் கவனிக்க வேண்டும். கை ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். பழைய கதை ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் பதற்றம் தானாக வடிந்துவிடும். உங்கள் வீட்டில் ராட்டை இருக்காது. பூ கட்டலாம், கடலை உரிக்கலாம், தாயம் ஆடலாம். சாப்பாட்டுக்குப் பின் அவரைத் தனியே விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

விரதத்தைப் பற்றி ஆயா சொன்னது எனக்கு இன்றும் துணையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் கிருத்திகையன்று நான் மெதுவாக, இன்றைக்கு மட்டும் விரதம் இருக்கட்டுமா என்று கேட்டேன். ஐம்பது ஆண்டுகளாகக் கிருத்திகை தவறாத அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நான் காலைல இருந்து பட்டினி கெடக்குறேன். சாயங்காலம் வெளக்கேத்தி, படையல் போட்டு, சந்தோசமா ஒக்காந்து துன்றேன். நீ இத்தினி வருசமா விரதம்னு சொன்னியே, ஒரு நாளாவது சந்தோசமா முடிச்சியா?" என்று கேட்டார். உண்டு விரதத்தை முடிப்பதற்குப் பாரணை என்று பெயர். பாரணை இல்லாமல் எந்த விரதமும் நிறைவடைவதில்லை. ஏகாதசியில் உபவாசம் இருப்பவர்கள்கூடத் துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை செய்தே அதை முடிக்கிறார்கள். உண்பதும் விரதத்தின் ஒரு பகுதியே. எனக்கோ உண்ணும் நேரம் நெருங்க நெருங்க அச்சம் ஏறியது. ஒரு பெண் அல்லது பையன் நோற்பது விரதமா நோயா என்று ஐயப்படும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: பட்டினி கிடக்கும் நேரத்தைக் கவனிக்காதீர்கள், விரதம் முடிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். அன்று ஆயா, "உனுக்கும் சேத்து நானே இருந்துக்கறேன், முருகன் கணக்குல வெச்சுக்குவான்" என்று சொல்லி என் தட்டில் இட்லியை வைத்தார். அவர் மறையும்வரை எனக்காகவும் கிருத்திகை இருந்தார்.

உடம்பு தேறிய வேகத்தில் மனம் தேறவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பார்த்த ஓர் உறவினர், "இப்பத்தான் நல்லா தேறி ஆளாயிருக்க" என்று மனமார வாழ்த்தினார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இளைத்துவிட்டாய் என்றாலும் புண்படுகிறது, தேறிவிட்டாய் என்றாலும் புண்படுகிறது என்றால் என்னதான் பேசுவது என்று அப்பா கேட்டார். மருத்துவரின் பதில் எளிமையாக இருந்தது: உடம்பைப் பற்றி எதுவுமே பேசாதீர்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியும், தொலைக்காட்சியில் வருபவர் உடம்பைப் பற்றியும்கூட, பேச்சு எழவில்லை. அம்மா தன் இடுப்பைப் பற்றித் தானே குறைபட்டுக்கொள்வதையும் நிறுத்தினார். தாய் தன்னைப் பற்றிச் சொல்வதை மகள் தன் உடம்பின் மேல்தான் கேட்டுக்கொள்கிறாள்.

பூசினாற்போல் இருப்பதை அழகென்று கொண்டாடிய மண்தான் நம்முடையது. அது எவ்வளவு விரைவில் மாறக்கூடியது என்பதற்குப் பிஜித் தீவுகளில் சான்று இருக்கிறது. திடமான உடலைப் போற்றும் மரபுடைய நத்ரோகா வட்டாரத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்போது பள்ளி மாணவியரிடம் விசாரித்தபோது, எடைக்காக வாந்தியெடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் 100க்கு 11 பேர் சொன்னார்கள். இன்று என் மாணவியர் கையில் இருக்கும் செல்பேசி, முகத்தைத் தானாகவே ஒடுக்கி, நிறத்தை வெளுத்துக் காட்டுகிறது. தன் முகத்தையே திருத்திய பிறகுதான் பார்க்கிறாள் என்றால், திருத்தாத முகத்தோடு அவள் எப்படி வாழப் பழகுவாள்?

எனக்கு உதவியவை சின்னச் சின்னப் பயிற்சிகள்தான். எடை பார்ப்பதை மருத்துவமனைக்கு மட்டும் என்று வைத்தார்கள், அங்கும் எண்ணுக்கு முதுகைக் காட்டியே நின்றேன். கண்ணாடி முன் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்றும், எலும்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். மனம் "நான் பருத்துவிட்டேன்" என்று சொல்லும்போது, அந்த நிமிடத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதச் சொன்னார் ஆலோசகர். ஒரு மாதம் எழுதிய பிறகு பார்த்தால், மதிப்பெண் குறைந்த நாளிலும், அப்பா கடன் பற்றிப் பேசிய நாளிலும், தோழி முகம் கொடுக்காத நாளிலும்தான் நான் பருத்திருந்தேன். வேறு எதையோ உணர்வதற்குப் பதிலாக உடம்பை உணர்ந்துகொண்டிருந்தேன் என்பதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

பார்வைக்கு மெலிந்தவருக்கு மட்டுமே இந்த நோய் வரும் என்று நினைப்பது பெருந்தவறு. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) என்ற கணக்கு, பெல்ஜிய நாட்டுக் குவெட்லே 19ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய வகுத்தது. அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர், மின்னசோட்டா ஆய்வை நடத்திய அதே கீஸ், 1972இல். அந்த ஓர் எண்ணை வைத்து ஒருவர் உணவோடு என்ன போராட்டம் நடத்துகிறார் என்று அறிய முடியாது. என் வகுப்பில் உடல் பெருத்த ஒரு மாணவி சில மாதங்களில் வெகுவாக இளைத்தாள். ஆசிரியர் அறையில் எல்லோரும் பாராட்டினார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் அவள் இரண்டு முறை மயங்கி விழுந்ததை நான் கவனித்திருந்தேன். தனியே அழைத்து, என்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை அவளிடம் கேட்டேன். இன்னொரு மாணவன், ஜிம்முக்குப் போய் மார்பு விரியவில்லை என்று சோற்றை விட்டுவிட்டுப் புரதப் பொடியில் வாழ்ந்தான்; நண்பர்களோடு விருந்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஆண்பிள்ளைக்கு இப்படியெல்லாம் வராது என்று அவன் தந்தை என்னிடம் வாதிட்டார். மின்னசோட்டாவின் 36 பேரும் ஆண்கள் என்று அவரிடம் சொன்னேன்.

ஐயம் எழுந்தால் மாதக்கணக்கில் காத்திராதீர்கள். மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, தொடர்ந்த வாந்தி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அடுக்கம்பாறைக்குப் போகலாம். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது, வயிற்றுக் கோளாறு என்று மட்டும் சொல்லாமல், சாப்பிடப் பயப்படுகிறாள் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் திருமணம் 2015 வைகாசியில் நடந்தது. அதற்கு முந்தைய மாதம், புடவைகளை எடுத்துக்கொண்டு தையற்கார அக்காவிடம் போனேன். "அளவு ஜாக்கெட் எட்தாந்தியா?" என்று கேட்டார். அந்த மெரூன் ஜாக்கெட்டை ஆயா எப்போதோ வெட்டித் தறிக்கட்டையைத் துடைக்கும் துணியாக்கிவிட்டிருந்தார். இல்லை, நீங்களே அளவெடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் டேப்பைச் சுற்றிச் சுற்றி அளந்து, எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். கழுத்துக்குப் பின்னால் என்ன வேலைப்பாடு வைக்கலாம் என்று நான் சுவரில் மாட்டியிருந்த மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் காற்றே இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. "ரொம்பப் புழுங்குதுக்கா, அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்களேன்" என்றேன்.